கடைசி வரிசைத் தாழிகள்

"அந்தத் தாழியைத் திறங்க சார்."

பெய்லிங் கை நீட்டிய இடத்தைப் பார்த்ததும் லியாவ் முகத்தைச் சுருக்கினார்.

"திறந்தா அதோட போச்சு மேடம். மேல இருக்கிற உப்பு உடைஞ்சா உள்ளே பூஞ்சை புடிச்சுரும். அது இன்னும் நாலு மாசம் வெயில் குடிக்கணும்."

"ஒண்ணுதானே? இத்தனை தாழியிலயும் சரக்கு இருக்குன்னு நான் கையெழுத்துப் போடணுமில்ல."

"மா சார் ஒருநாளும் திறந்ததில்ல. நடந்துக்கிட்டே விரலை மடக்கித் தட்டுவார். கணீர்னா காலி, மொத்துன்னா சரக்கு. தட்டிட்டு வந்து டீ குடிப்பார், போயிருவார்."

மா சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பதிலாகத்தான் பெய்லிங் தைச்சுங் நகரத்திலிருந்து இந்த யுன்லின் மாவட்டத்து ஊருக்கு முதன்முறையாகத் தணிக்கைக்கு வந்திருந்தாள். முற்றம் முழுக்கச் சோயா சாஸ் தாழிகள், தலைக்கு ஒரு தொப்பி மூடியோடு வெயிலில் நின்றன. கம்பெனி சேர்மனின் தம்பி லியாவ்தான் கணக்கைப் பார்த்துக்கொள்பவர். காலையிலிருந்து அவளை நிழல்போல ஒட்டிக்கொண்டே நடந்தார். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

மூடி தூக்க வந்த ஆஹ்சூ, கையுறையை உதறிக்கொண்டே சிரித்தாள். "முட்டை இருக்கான்னு பாக்க வாத்தையே அறுக்கறீங்களே மேடம்!"

"உனக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

"இருக்காதா பின்னே? உங்க கையெழுத்து வந்தாத்தானே அடுத்த மாசம் கம்பெனி பங்கு விப்பாங்க. வயசான காலத்துக்குன்னு வெச்சிருக்கிற மொத்தத்தையும் அதுலதான் போடப்போறேன். ஊரே போடப்போகுது."

லியாவ் இரும்புக் கரண்டியால் உப்பை உடைத்தார். அடியிலிருந்து கறுப்பு சோயாவின் புளித்த மணம் எழுந்து மூக்கைத் துளைத்தது. பளபளவென்று, குறை சொல்ல முடியாத சரக்கு.

"நல்ல வாத்தா இருந்துச்சு, பாவம்" என்றாள் ஆஹ்சூ.

பெய்லிங்கின் காது மடல் சுட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவளுடைய முதலாளி ஹுங்.

"இன்னும் அங்க என்ன பண்றே பெய்லிங்? சேர்மன் சாயங்காலம் விருந்துக்குச் சொல்லி வெச்சிருக்கார்."

"ஒரு தாழியைத் திறந்து பாத்தேன் சார்."

"திறந்தியா? அவர் நம்ம எத்தனை வருஷ வாடிக்கையாளர்னு தெரியுமா? சரி, உள்ளே என்ன இருந்துச்சு?"

"சரக்குதான்."

"அப்புறம் என்ன? கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பு. இனி ஒண்ணைத் தொட்டே, திங்கக்கிழமை நீ ஆபீசுக்கு வரவேண்டாம். புரியுதா?"

புரிந்தது. தம்பி படிப்பு, வீட்டு வாடகை எல்லாமே அந்தத் திங்கட்கிழமையை நம்பித்தான் இருந்தன. போனைப் பைக்குள் போட்டாள்.

லியாவ் சூடான ஊலாங் டீயை நீட்டினார். "முடிஞ்சுதா மேடம்? நல்லது. ஒண்ணே ஒண்ணு. போறப்ப அந்தச் சுவரோரக் கடைசி வரிசைப் பக்கம் மட்டும் போயிராதீங்க."

"ஏன், அங்க என்ன?"

"பாம்பு இருக்கு."

"பாம்பா!" ஆஹ்சூ நிமிர்ந்தாள். "நான் தினம் கூட்டுற இடம். எனக்குத் தெரியாம எப்போ குடிவந்துச்சு?"

"உன் வேலையைப் பாரு நீ!" என்று லியாவ் சீறினார்.

பெய்லிங் தேநீரை வாயில் வைக்கவில்லை. கடைசி வரிசையைப் பற்றி அவள் நினைக்கக்கூட இல்லையே?

"அங்கேயும் இதே சரக்குதானா சார்?"

"தட்டிப் பாருங்க மேடம். சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு. அவள் சுவரை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

"வேண்டாம் மேடம்! சொன்னாக் கேளுங்க!" என்று கத்திக்கொண்டே லியாவ் பின்னால் வந்தார். தாழிகளைத் தட்டினாள். மொத்து, மொத்து. எல்லாம் ஒரே சத்தம். பை அதிர்ந்தது. மறுபடியும் ஹுங்காகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. பேசாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் கால் திரும்பியது. முற்றத்தின் நடுவில் ஆஹ்சூ எதையோ முணுமுணுத்துப் பாடியபடி மூடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெய்லிங் திரும்பி, லியாவ் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். மூடியைத் தள்ளி உப்பில் ஓங்கிக் குத்தினாள்.

அடியிலும் கறுப்புதான். ஈரமாக, பளபளவென்று. ஆனால் மணமே இல்லை. முழங்கை வரை கையை விட்டு அள்ளினாள். பக்கத்தில் ஓடும் ஜுவோஷுவே ஆற்றின் கறுப்பு மணல்! அடுத்த தாழி, அதற்கடுத்த தாழி... அத்தனையிலும் அதேதான்.

"என்ன சார் இது?" திரும்பினாள். காலில் விழப்போகிறாரா, கத்தப்போகிறாரா, இல்லை கழுத்தையே பிடிக்கப்போகிறாரா?

லியாவ் தொப்பியைக் கழற்றினார். தலையிலிருந்து பெரிய சுமையை இறக்கியவர்போல அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கூடப் பொறந்த அண்ணன் செஞ்ச வேலை மேடம், நானா வாயத் திறந்து சொல்ல முடியல. அதான் மா சார்கிட்டயும், அவர்கூட வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும், வருஷா வருஷம் இந்தப் பக்கம் போகாதீங்க, போகாதீங்கன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். பாவிங்க, அத்தனை பேரும் சொன்ன பேச்சைக் கேட்டுட்டாங்க!"