ஆளுக்கொரு வாக்கியம்

ரோஸ்லின் அன்று இரண்டு முறை குளித்து, கழுத்தில் பவுடரை அப்பிக்கொண்டுதான் இங்கிலீஷ் வகுப்புக்கு வந்தாள். வீட்டு முற்றம் முழுக்கக் கருவாடு காய்கிறது, வேறென்ன செய்வாள்? காற்று தன்னைத் தாண்டி யார் மேலும் போகாத கடைசி பெஞ்சு மூலையாகப் பார்த்து உட்கார்ந்தாள். சார் போர்டில் 'எமிட்' என்று எழுதி, தன்னிடமிருந்து எதையாவது வெளியே விடுவது என்று அர்த்தம் சொன்னார். "ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க." சூரியன் ஒளியை விட்டது. பஸ் புகையை விட்டது. அடுப்பு அனலை விட்டது. பிரதீப் எழுந்து, அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னான்: ரோஸ்லின் கருவாட்டு நாற்றத்தை விடுகிறாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவரையே பார்த்தாள். "எதுக்குச் சிரிப்பு? வாக்கியம் சரியாத்தானே இருக்கு?" என்றவர், அதைப் போர்டில் எழுதி, எல்லாரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவளும் எழுதினாள். "ரோஸ்லின், எந்திரிச்சு நீ படி." பிசிறில்லாமல் படித்தாள். "உச்சரிப்பைப் பாத்தீங்களா! கைதட்டுங்க." தட்டினார்கள். சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு விழுந்த முதல் கைதட்டல். அது ஓய்ந்தும் சார் அவளை உட்காரவிடவில்லை. "பாராட்டினா இங்கிலீஷ்ல என்னம்மா சொல்லணும்?"