எறும்பு விட்ட பால்

மார் கல்லாகக் கனத்தது. தொட்டால் உயிர் போனது.

உப்பளத்தில் கூடை சுமந்த உடம்பு. நோவு அவளுக்குப் புதிதில்லை.

இது வேறு நோவு. பால் இருக்கிறது. குடிக்கப் பிள்ளை இருக்கிறது. கொடுக்கக் கூடாது.

மஞ்சள் ஏறி, வாந்தியில் துவண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளை. தாய்ப்பாலை நிறுத்தி சோயா மாவைக் கரைத்துக் கொடுத்ததும் கண் திறந்தது. பிள்ளை, அவள், புருஷன் என மூன்று பேர் ரத்தமும் ஆய்வுக்குப் போனது. முடிவு வந்ததும் மறுபடி கொடுக்கலாம் என்ற நப்பாசை. வற்றிவிடாமல் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று முடிவு வந்துவிட்டது.

டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"பால்ல இருக்கிற சர்க்கரை இவனுக்குச் செரிக்காது. தாய்ப்பால், மாட்டுப்பால், எதுவுமே ஆகாதும்மா. உங்க பால்ல ஒரு குறையும் இல்ல. இது ரத்த வழியா வர்றது. அப்பாகிட்ட பாதி, அம்மாகிட்ட பாதி. ரெண்டும் சேர்ந்தாத்தான் பிள்ளைக்கு வரும்."

"என்கிட்டயுமா?" என்றான் அவள் புருஷன் பரமசிவன்.

"உங்ககிட்டயும்தான்."

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

அவளும் அந்தக் கைகளைத்தான் பார்த்தாள்.

அவனுக்கு அவள் இரண்டாவது. முதலில் கட்டியது அவளுடைய பெரியப்பா மகள் ஜெயக்கொடியை. அவள் பெற்ற பிள்ளையும் இப்படித்தான் மஞ்சளாகிச் செத்தது.

பாலில் விஷம் என்றாள் மாமியார்.

ஊர் பார்க்க ஜெயக்கொடியை முற்றத்தில் உட்காரவைத்தார்கள். சிரட்டையில் பீய்ச்சச் சொன்னார்கள். பரமசிவன் ஓர் எறும்பைப் பிடித்து அதில் விட்டான்.

எறும்பு செத்தது.

தண்ணீரில் விட்டிருந்தாலும் செத்திருக்கும்.

அன்றைக்கே அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த தையில் அதே சொந்தத்தில் இவளைக் கேட்டு வந்தார்கள். பெண்ணை மாற்றினார்கள். ரத்தத்தை மாற்றவில்லை.

பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டு வாசலை ஜெயக்கொடி இன்னும் மிதிப்பதில்லை. இவள் பெற்றபோது கருப்பட்டி மட்டும் கொடுத்தனுப்பினாள். மாமியார் அதைத் தூக்கி வெளியே வைத்தாள்.

இவளும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா எழுந்து போனார்.

பரமசிவன் குனிந்தான்.

"ஊர்ல யாருக்கும் தெரிய வேண்டாம். ஏதோ காய்ச்சல்னு சொல்லிக்கிடுவோம்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி டம்ளரில் பீய்ச்சினாள். வெகுநேரம் பீய்ச்சினாள். நிறைந்தது.

வழக்கம்போல் கொட்டிவிட்டு வரக் கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை.

"ஒரு எறும்பு புடிச்சிட்டு வாங்க மச்சான்."

குரல் உயரவில்லை.

ஜன்னல் விளிம்பில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கை எட்டும் தூரம்தான்.

அவன் அசையவில்லை.

டம்ளர் இருவருக்கும் நடுவில் இருந்தது. பால் இன்னும் சூடு ஆறவில்லை.

ஜெயக்கொடிக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.

அதே முற்றத்தில். அதே ஊர் பார்க்க.