ஏஞ்சலினுக்கு ஒரு படி

என் குட்டியானை வண்டியின் பின்னால் கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து ஊர் சுற்றும் வீடாக்கியிருந்தேன்.

“மொதல்ல படியப் போடுங்க, ஏறுதேன்” என்பாள் என் மனைவி ஏஞ்சலின். அவளை அடக்கம் செய்த பிறகுதான் பழைய வள்ளத்துப் பலகையில் படி செய்து முடித்தேன்.

“யாருக்கு அண்ணாச்சி, இம்புட்டுத் தாழ்வா?” என்றான் பக்கத்து வீட்டு டிக்சன்.

“அவளுக்கு முட்டி வலிக்கும்லா” என்றேன்.

படியைப் பின்கதவடியில் வைத்தேன். கடைசியாக ஏறுகிறவர் அதைக் கயிற்றால் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். நான் முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். வண்டி பின்பக்கம் லேசாக அமுங்கியது. திரும்ப எழும்பவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். படி கீழே இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அவள் ஊர் வேம்பார் வரும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினேன்.