வைராக்கிய சூப்

“வைராக்கியம்னு ஒண்ணு வேணும்டா. தட்டைப் பார்த்ததும் வாய் ஊறுற ஆளுக்கு உடம்பு எங்கேயிருந்து குறையும்?”

டெப்போ ஓய்வறையில் டிரைவர் இப்படி முழங்கினால், அன்றைய உபதேசம் ஆரம்பம் என்று அர்த்தம். கேட்க விருப்பமா என்று அவர் யாரையும் கேட்பதில்லை.

அவருக்கும் அவர் பஸ்ஸின் கண்டக்டருக்கும் ஒரே நாளில்தான் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைய வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை விட்டு இறக்கி, டெப்போ கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

இரண்டு மாதத்தில் டிரைவர் ஆறு கிலோ குறைந்துவிட்டார். விடிந்ததும் ஒரு மணி நேரம் வேக நடை. வந்ததும் ஒரு கிண்ணம் கீரை சூப். அப்படியே டியூட்டி. மத்தியானம் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவார். அவ்வளவு தெம்பு.

“அண்ணே, நானும் அதேதானே குடிக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் கண்ணைக் கட்டிக்கிட்டு வருது?” என்று கேட்டார் கண்டக்டர்.

“நிஜமா நடக்கிறியா, தெருமுனையில நின்னுட்டுத் திரும்பிடுறியா?”

“சத்தியமா நடக்கிறேண்ணே. சூப்பும் நீங்க சொன்னபடிதான். கீரை, தண்ணி, உப்பு. வேற எதுவும் சேர்க்கறதில்ல.”

“அப்போ மனசுல தெம்பில்ல. மனசு சொன்னா உடம்பு கேக்கும்டா. என்னைப் பாரு!”

எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காவிட்டால் விடமாட்டார்.

உண்மையில் கண்டக்டர் ஏழு கிலோ குறைந்திருந்தார். அந்தக் கணக்கை மட்டும் டிரைவர் மறந்தும் சொல்லமாட்டார்.

நான்கு நாளாகக் கண்டக்டருக்கு விசில் ஊத மூச்சில்லை. பஸ்ஸின் தகரத்தைத் தட்டித்தான் வண்டியை எடுக்கச் சொன்னார். அதையும் டிரைவர் விடவில்லை.

“யாராவது புண்ணியவான் நம்ம கண்டக்டருக்கு விசில் ஊதிக் கொடுங்கப்பா!”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்து வைத்தார். வேறு என்ன செய்வார்?

ஐந்தாம் நாள் தகரம் தட்டும் சத்தமும் வரவில்லை. கண்டக்டர் படிக்கட்டிலிருந்து மயங்கித் தெருவில் விழுந்து கிடந்தார். வண்டி நின்றிருந்ததால் உயிர் தப்பியது. நெற்றியில் ஆறு தையல்.

“நான் குடிக்கிற அதே சூப்பைத்தான் அவனும் குடிச்சான். நான் நிக்கலையா? வைராக்கியம் கெட்டவன், என் மானத்தை வாங்கிட்டான்!” வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே டிரைவர் பொரிந்து தள்ளினார்.

கேட்டதும் அவர் மனைவி அடுப்பை அணைத்தாள். சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கண்டக்டரின் மனைவியை வராந்தாவுக்குத் தனியாக அழைத்துப் போனாள்.

“என்னை மன்னிச்சிடு தங்கச்சி. அவர் குடிக்கிறது வெறும் கீரை இல்ல. ஒரு கைப்பிடி பருப்பை வேக வச்சு, ரெண்டு முட்டையை அவிச்சு, கீரையோட நைசா அரைச்சு ஊத்தறேன்.”

“அக்கா! என்னக்கா சொல்றீங்க?”

“முதல்ல வெறும் கீரையைத்தான் கொடுத்தேன். ஆறாம் நாள், வண்டி ஓட்டும்போதே கண்ணு சொக்கிடுச்சுன்னு வந்து சொன்னார். பஸ்ல அத்தனை பேர் இருப்பாங்களே, எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. கொஞ்சம் பருப்பு போடவான்னு கேட்டதுக்கு, உனக்கென்ன தெரியும்னு எரிஞ்சு விழுந்தார். அதான் அவருக்குத் தெரியாமப் போட ஆரம்பிச்சேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. எனக்கு மனசுல தெம்பில்லடின்னு இவர் குழந்தை மாதிரி அழுதாரே!”

“உன் வீட்டுக்காரரும் அதைக் குடிக்கிறார்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இனிமே பருப்பு, முட்டை எல்லாம் போட்டுக் கொடும்மா. எங்க வீட்டுக்காரர் காதுக்கு மட்டும் இது போக வேண்டாம். பாவம், எல்லாம் தன்னோட வைராக்கியம்னு நம்பிட்டு இருக்கார். தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவார்.”

“நொறுங்கட்டும்,” என்றாள் கண்டக்டரின் மனைவி.

அவள் சொன்னது நியாயம்தான் என்று திரும்பி வரும் வழியெல்லாம் டிரைவரின் மனைவிக்கு மனதில் உறுத்தியது. ஒரு மனுஷன் மண்டை உடைந்து கிடக்கிறான். இனியும் மூடி மறைப்பது பாவம். நாளைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை. வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு வந்து டிரைவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

அவள் வெறும் கீரை சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். குடித்து முடிக்கட்டும், பக்குவமாக எடுத்துச் சொல்லி, அப்புறம் வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்பலாம். எப்படித் தாங்கப் போகிறாரோ என்று நினைத்தபடி எதிரே உட்கார்ந்தாள்.

ஒரு வாய்தான் குடித்தார். முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளினார்.

“என்னடி இது, பருப்பும் முட்டையும் அரைச்சு ஊத்த மறந்துட்டியா? இந்தக் கீரைத் தண்ணியை மட்டும் குடிச்சிட்டு மனுஷன் எப்படி டியூட்டி பார்ப்பான்?”