நாற்பத்தோராவது சுரம்

யுத்தம் முடிந்ததென்று அறிவித்து மூன்று நாள். வன்னியில் இருந்த தம்பி குகநேசனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஞாயிறு பூசைக்கு இறந்தவர்களின் பெயர் கேட்டுக் கோயிலிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. புலம்பெயர்ந்து வந்திருந்த ஹோர்சன்ஸ் நகரில் பகல் வேலை முடித்து வந்து, பேனாவோடு அதன் முன்னால் இருந்தேன்.

பக்கத்தில் மகள் நிரோஜா கீபோர்ட் வாசித்துக் கணினியில் பதிந்துகொண்டிருந்தாள். சில சுரங்கள் பதிவாகாமல் விடுபட்டுப் போயின.

“பஃபரைக் கூட்டிவிடுறன் அப்பா. கொம்பியூட்டர் எல்லாத்தையும் கொஞ்சம் வைச்சிருந்து தரும். பிந்தி வரும், ஆனா ஒண்டும் விடுபடாது.”

நாற்பது சுரம் வாசித்தாள். திரையில் நாற்பத்தொன்று இருந்தது. கடைசிச் சுரம், அவள் கையை எடுத்து நாலு வினாடிக்குப் பிறகு வந்திருந்தது. அவ்வளவு கீழான சுரத்துக்கு அந்தக் கீபோர்டில் கட்டையே இல்லை. அழித்துவிட்டுத் திரும்ப வாசித்தாள். திரும்பவும் நாற்பத்தொன்று.

“இது ஆரப்பா?”

ஊர்க் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவன் தம்பி. எல்லாரும் பாடி முடித்து இருந்த பிறகுதான் கீழ்க்கட்டை ஒன்றை அமத்தி அவன் முடிப்பான். சனம் சிரிக்கும்.

“சித்தப்பா எப்பவும் பிந்தித்தான் மகள்,” என்றேன்.

பெயர் எழுதாமல் பேனாவை மூடினேன். அவள் பதிவை நிறுத்தவில்லை. எங்கள் இருவரின் கைகளும் மடியில் இருந்தன. திரையில் நாற்பத்திரண்டாவது சுரம் வந்தது.