எழுத்து மட்டும் போதும்

சாடை காட்டினால் தேர்வு ரத்து.

பலகைதான் வழி சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. அதனால் வராந்தா இரண்டாகப் பிரியும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன்.

நான் வடிவமைத்த பலகைகள் இரண்டு தொங்கின. இடப்பக்கப் பாதைக்கு மேலே ‘கண்காட்சிக் கூடம்’. வலப்பக்கப் பாதைக்கு மேலே ‘கருவிகள் அறை’.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேடம் வாசலுக்குப் போய், யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கையோடு அழைத்து வந்தார். கசங்கிய பேன்ட், தோய்த்துத் தோய்த்து வெளுத்த சட்டை, கையில் மடக்கிய குடை.

“இந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா?” என்று மேடம் கேட்டார். தெரிந்த ஆளைச் செட் பண்ணி வைத்திருப்பேன் என்று சந்தேகம்.

அவர் என்னைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். சுற்றி நின்ற மாணவர்களைப் பார்த்தார்.

“தெரியாதுங்க.”

“நல்லது. யாரையும் கேக்காம, பலகைய மட்டும் பாத்துக் கண்காட்சிக் கூடத்துக்குப் போகணும். அவ்ளோதான்.”

தலையாட்டினார். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அவர் சரியாகப் போய்ச் சேர்ந்தால் நான் பாஸ். சேராவிட்டால் இன்னொரு வருஷம் இதே வகுப்பு, இதே நாற்காலி, இதே வாத்தியார்.

எழுத்து என்றால் எனக்குப் பெரிய நினைப்பு. ‘ண்’-இன் மூன்று சுழியும் ஒன்றையொன்று இடிக்காமல் மூச்சுவிட வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். மேலே வைக்கிற புள்ளி உருண்டையா, சதுரமா என்று ஆரம்பித்த சண்டையில் தோழியோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. ‘ட்’-க்கும் ‘சி’-க்கும் நடுவில் விழும் ஓட்டையை அடைப்பதற்குள் எனக்குத் தலைமுடியே கொட்டிவிட்டது.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அம்புக்குறி போட்டார்கள், பொம்மை போட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். நல்ல எழுத்துக்கு ஊன்றுகோல் எதற்கு, எழுத்து மட்டும் போதும் என்று வாத்தியாரிடம் பந்தாவாகப் பேசினேன். மனுஷன் கைதட்டினார். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

குடையும் கையுமாக அவர் பலகைகளுக்கு முன்னால் போய் நின்றார்.

படிக்கிறவர்களின் கண் இடமிருந்து வலமாக ஓடும். பாடத்திலேயே இருக்கிறது. அவர் கண் ஓடவில்லை. காலண்டர் படத்தைப் பார்ப்பதுபோல பலகையின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அங்கே நின்ற அத்தனை பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வலப்பக்கம் நடந்தார். கருவிகள் அறையின் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்தார். அதேதான், போங்க, போய்க்கிட்டே இருங்க என்று மனசுக்குள் கத்தினேன். நின்றார். யோசித்தார். திரும்பிவிட்டார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பளாரென்று ஒன்று விட்டால் என்ன என்று இருந்தது.

அவர் நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சாடை என்று எடுத்துக்கொண்டால் அவ்வளவுதான்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. வழி சொல்லத்தான் கூடாது. ஆளைப் பற்றி ஆட்சேபணை சொல்லலாம். ‘மேடம், இவருக்குப் படிக்கத் தெரியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூட்டி வருவார்கள்.

அதை இத்தனை பேர் முன்னால், அவர் காதில் விழச் சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொன்னால் அவர் மானம் போகும், சொல்லாவிட்டால் என் வருஷம் போகும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

மேடம் பேனாவைத் திறந்துகொண்டு அவர் பக்கத்தில் போனார்.

“ஏங்க, புரியலையா? எழுத்து சரியில்லையா?”

அவர் பதறிப்போனார்.

“ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க. எழுத்து முத்து முத்தா இருக்குது. நான்தான் கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்.”

“அட, மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப இது கணக்குல வராது. வேற ஆளப் பாக்கலாம்.”

மேடம் பேனாவை மூடினார். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததே எனக்கு அவமானமாக இருந்தது.

வெளியே போகிற வழியில் அவர் என் எதிரில் ஒரு நொடி நின்றார்.

“நல்லா பண்ணும்மா” என்றார், யாரோ எவரோ போல.

“தேங்க்ஸ் சார்” என்றேன்.

எங்கள் வீட்டில் யாருக்குமே கண்ணாடி கிடையாது. நான் தெருமுனையில் திரும்பும்போதே என் முகம் வாடியிருந்தால், அப்பாவுக்கு வாசலில் இருந்தே தெரிந்துவிடும்.