மூன்று எண்ணுவதற்குள்

என்டர் பட்டனுக்கு ஒரு விரல்கடை மேலே அவள் கை நின்றது.

எதிரே நானூறு டெவலப்பர்கள். எல்லோரும் சேர்ந்து மூன்றுவரை எண்ணுங்கள், மூன்றாவதில் அழித்துக் காட்டுகிறேன் என்று அவளேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் அவளுக்குப் பேக்கப் அக்கா என்று பெயர். காலையில் யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டாள், பேக்கப் எடுத்தாச்சா என்றுதான் கேட்பாள். ஒரு நகரத்துக்கே ஆம்புலன்ஸ் அனுப்புகிற சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறவள் வேறு எதைக் கேட்பாள்?

இன்றைய பேச்சும் அதைப் பற்றித்தான். ஆம்புலன்ஸ் அழைப்புகளின் பட்டியலை ஒரே கட்டளையில் சுத்தமாக அழிப்பாள். மூன்றே நிமிடத்தில் திரும்பக் கொண்டுவருவாள். எல்லாம் டெஸ்ட் சர்வரில். அதில் இருப்பது பொய் அழைப்புகள், பொய் முகவரிகள். அழிந்தால் ஒரு குடியும் முழுகிப் போகாது.

கூட்டம் ஒன்று என்றது.

அப்போதுதான் கவனித்தாள். திரையில் இருந்த விண்டோ வெள்ளையாக இருந்தது.

அவள் லேப்டாப்பில் அது ஒருநாளும் வெள்ளையாக இருந்ததில்லை. டெஸ்ட் சர்வர் என்றால் பச்சை. நிஜ அழைப்புகள் வருகிற லைவ் சர்வர் என்றால் சிவப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் மேடை ஏற ஐந்து நிமிடம் இருக்கும்போது புரொஜெக்டர்காரர் வந்து தலையைச் சொறிந்தார்.

“மேடம், இந்தக் கலர்ல கடைசி வரிசைக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எல்லாத்தையும் வெள்ளையா மாத்தி, எழுத்தைப் பெருசாக்கிடுங்க.”

மாற்றினாள். எழுத்து பெரிதானதில், எந்த சர்வர் என்று காட்டும் மேல்வரி திரைக்கு வெளியே போய்விட்டது. போனால் போகட்டும், திறந்திருப்பது ஒரே விண்டோதானே என்று விட்டுவிட்டாள்.

ஒன்றுதானா?

காலையில் ஆபீசிலிருந்து அவசரமாக போன் வந்தது. மாநாட்டு வாசலில், பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, லைவ் சர்வரைத் திறந்து பார்த்தாள். சரிசெய்தாள். அதற்குள் யாரோ வந்து கைகுலுக்கினார்கள், கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிவிட்டார்கள். அந்த விண்டோவை மூடினாளா?

கூட்டம் இரண்டு என்றது.

மூடியதாக எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

இது லைவ் என்றால், இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குப் போகுமிடம் தெரியாமல் போகும். ஆம்புலன்ஸுக்காக வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். மூன்று நிமிட வித்தையெல்லாம் டெஸ்ட் சர்வரில் மட்டும்தான். லைவுக்கு அது அடுத்த மாதம்தான் வருகிறது. போன வருடம் இதே பட்டியல் ஒருமுறை அழிந்தபோது மீட்டெடுக்க ஐந்து மணி நேரம் பிடித்தது.

மூன்று என்று கூடமே அதிர்ந்தது.

அவள் அழுத்தவில்லை.

யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள். அவள் மூச்சு வாங்குவது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

அடித்த கட்டளையை அழிக்க வேண்டும். அழிக்கிற பட்டன் என்டருக்குப் பக்கத்திலேயே இருந்து தொலைக்கிறது. அதை அங்கே வைத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். குறுக்குவழி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது தலைக்குள் வரவில்லை. என்டர் மேல் விரல் பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

பிறகு, நீ எந்த சர்வர் என்று கேட்கும் சின்னக் கட்டளையை அடித்தாள். திரையில் ஒரு பெயர் வந்தது. கூட்டத்துக்கு அது வெறும் நாலு எழுத்தும் ஒரு எண்ணும்.

லைவ்.

முதல் வேலையாக அந்த விண்டோவை மூடினாள்.

கூட்டம் கைதட்டியது. அழிப்பதற்கு முன்னால் இப்படித்தான் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும் என்று நடித்தே காட்டிவிட்டாள் என நினைத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் அவளுடைய முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம், எங்கள் ஆள் என்பதுபோல் அவளைக் காட்டிப் பெருமையாக ஏதோ சொன்னார். வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல பெயரோடு கீழே இறங்கிவிடலாம்.

பழக்க தோஷத்தில் கை அடுத்த ஸ்லைடுக்குப் போனது. போன வருட விபத்து பற்றிய ஸ்லைடு. காரணம்: ஊழியரின் அலட்சியம்.

அந்த ஊழியன் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவன். விசாரித்தது அவளும் முதலாளியும் மட்டும். அவன் திரும்பத் திரும்ப ஒரே ஒரு வரியைத்தான் சொன்னான். வெறும் சாக்கு என்று அதை அறிக்கையில் சேர்க்காமல் விட்டவள் அவள். அலட்சியம் என்று எழுதியவளும் அவள்தான். மறுநாள் அவனுக்கு வேலை போயிற்று.

மேடையில் அவள் ஸ்லைடைப் பார்த்தபடியே நின்றாள். வெட்கமாக இருந்தது. அறிக்கையில் இல்லாத அந்த வரியை மைக்கில் சொன்னாள்.

“ரெண்டு விண்டோவும் ஒரே மாதிரிதான் இருந்துச்சுக்கா.”

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளிக்குப் புரிந்தது. வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார்.

அவள் அவனுடைய பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள்.